அறுத்த பக்கம்

எந்த மேசையா இருந்தாலும் நாலு ஓரத்துக்கும் டிசைன் போட்டால்தான் எனக்கு வேலை முடிஞ்ச மாதிரி. சுவரை ஒட்டி நிக்கப்போற பக்கத்துக்கு எதுக்குன்னு அபார்ட்மெண்ட்காரங்க கேட்பாங்க. இன்னைக்குச் சுவர், நாளைக்கு ஹால் நடுவுல இழுத்துப் போடுவீங்க, அப்போ யாரைக் கூப்பிடுவீங்கன்னு நான் திருப்பிக் கேட்பேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். ஆனா என் வீட்டு மேசைக்கு மூணு ஓரத்துலதான் டிசைன். நாலாவது, அறுத்த பக்கம்.

ஒருகாலத்துல அது எட்டுப் பேர் உட்கார்ற தேக்கு மேசை. நானும் என் தம்பியும் காக்ஸ் டவுன்ல ஒரே வீட்டுல குடும்பம் நடத்தின நாள்ல நான் பண்ணது. தங்கவயல்ல தங்கச் சுரங்கம் நொடிக்க ஆரம்பிச்சப்போ பெங்களூர் வந்தவங்க நாங்க. நான் மரவேலைக்குப் போனேன், அவன் படிச்சு ஆபீஸுக்குப் போனான். அந்த மேசைக்கு நான் ரௌட்டர், அதான் ஓரத்துல டிசைன் வெட்டுற மிஷின், ஓட்டினப்போ, மிஷின் ஒயரைத் தோள்ல போட்டுக்கிட்டு என் பின்னாலேயே வந்தான். ஒயர் எங்கேயாவது மாட்டினா கை நிக்கும், கை நின்ன இடத்துல மரம் கருகிடும். முதல்ல குறுக்குப் பக்கம், அப்புறம்தான் நீளப் பக்கம். மாத்தி ஓட்டினா முனை பிய்ஞ்சிடும். சுத்தி முடிச்சப்போ ஓரம் பூரா ஒரு சின்னப் பள்ளம், ஒரு மேடு, அவ்வளவு வழவழப்பு. "வச்ச விரலை எடுக்க மனசே வரலண்ணா"ன்னான். சாப்பிடும்போதெல்லாம் அவனோட இடது கை அந்த ஓரத்தைத் தடவிக்கிட்டே இருக்கும்.

அப்புறம் வீட்டை வித்தோம். வித்ததுல சண்டை இல்லை, மேசையிலதான் சண்டை. பண்ணது நான்னு நான் நின்னேன், மரம் வாங்கிக் குடுத்தது நான்னு அவன் நின்னான். "அப்போ பாதியா அறுத்துக்கலாமாடா?"ன்னு நக்கலாக் கேட்டேன். "அறு"ன்னான். ஒரே குட்டையில ஊறின மட்டைங்க! வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரும் வேணாம் வேணாம்னு கத்தக் கத்த நடுவுல அறுத்தேன். கோணலாப் போயிடக் கூடாதுன்னு அவன்தான் பலகையைப் பிடிச்சுக்கிட்டான். ஆளுக்கு ரெண்டு கால் கூடுதலாப் போட்டு ரெண்டு பாதியையும் நிக்க வச்சேன்.

அதோட பேச்சு நின்னுச்சு. அவன் வைட்ஃபீல்டுக்குப் போயிட்டான், நான் காக்ஸ் டவுன்லயே வாடகைக்கு இருந்துட்டேன். மூணு வருஷமா பொம்பளைங்க மட்டும் போன்ல பேசிக்குவாங்க.

அறுத்த பக்கத்துல புடவை மாட்டுது, அதுக்கும் டிசைனைப் போட்டுத் தொலைங்கன்னு என் மனைவி சொல்லாத நாளில்லை. பத்து நிமிஷ வேலைதான். என்னால முடியலை. வெட்டு நேரா இருக்குற வரைக்கும் ரெண்டு பாதியையும் ஒட்டலாம். உள்ளே குச்சி வச்சுப் பசை போட்டா ஒரே பலகை. டிசைன் ஏறிட்டா அது தனி மேசை. எனக்குத் தனி மேசை வேணாம், என் தம்பி வேணும். இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?

போன வாரம் பட்டறை வாசல்ல ஒரு டெம்போ வந்து நின்னுச்சு. எங்கே வைக்கறதுன்னு டிரைவர் கன்னடத்துல கேட்டுக்கிட்டே இறக்கினான். தம்பியோட பாதி! அவன் பேரன் பிடிச்சு நிக்கப் பழகுறானாம், அறுத்த பக்கத்துல சிலாம்பு குத்திடுச்சாம், ஓரத்தைச் சரி பண்ணி அனுப்பணுமாம். தம்பி மனைவி சொன்னதை என் மனைவி சொன்னாள். "வைட்ஃபீல்ட்ல கார்பெண்டருக்கா பஞ்சம்? உங்ககிட்ட அனுப்பியிருக்காரே, யோசிங்க"ன்னாள்.

அவனும் இத்தனை நாள் அதைத் தொடாமத்தான் வச்சிருந்திருக்கான். வீட்டுக்கு ஓடிப்போய் என் பாதியைத் தூக்கிட்டு வந்து, ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தேன். பிளேடு தின்ன அளவுதான் குறைஞ்சிருந்துச்சு. தேக்கோட ரேகை இந்தப் பாதியிலேர்ந்து அந்தப் பாதிக்கு நேராப் போச்சு. போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். ஒட்டிடுண்ணான்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும்.

பார்த்துட்டான், ப்ளூ டிக் வந்துடுச்சு. பதில் வரலை. மறுநாளும் வரலை. மனுஷன் எவ்வளவுதான் போனையே பார்த்துக்கிட்டு இருப்பான்! கோபத்துல மிஷினைத் தொடக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன், அடுத்த நாள் காலையில போய் அவன் பாதிக்கு ரௌட்டர் ஓட்டினேன். முனை பிய்யாம இருக்க ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முதல்ல மேலாக ஒரு தடவை, அப்புறம் ஆழமா ஒரு தடவை. பழைய ஓரத்தோட புது ஓரம் எங்கே சேருதுன்னு எனக்கே தெரியலை. பாவி, இவ்வளவு நல்லா வராமலாவது இருந்திருக்கலாம். என் பாதி பக்கம் திரும்பினேன். கை வரலை, சுவிட்சை அணைச்சிட்டேன்.

மத்தியானம் சோத்துல கை வச்சப்போ போன் வந்துச்சு. அவன்தான்.

"ஓரம் போட்டுட்டியாண்ணா?"

"போட்டாச்சு."

"உன்னோடதுக்கு?"

"ரெண்டுக்கும் போட்டாச்சு"ன்னேன். ஏன் சொன்னேன்னு கேட்டா என்னத்தைச் சொல்ல? திமிரு.

"அந்தப் போட்டோவுக்கு என்ன எழுதறதுன்னு தெரியலண்ணா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் நேர்லயே வந்து ஒட்டச் சொல்லலாம்னு இருந்தோம். சரி விடு, டிரைவரை அனுப்பறேன்"னு வச்சிட்டான்.

என் மனைவி எச்சில் கையோட என்னையே பார்த்துக்கிட்டு நின்னாள். என் பாதியை நான் தொடவே இல்லை, அவன் பாதியில அந்த ஓரத்தை ஒரு அங்குலம் அறுத்துத் தள்ளினா மறுபடி நேராயிடும். மேசை நீளத்துல ஒரு அங்குலம் குறையும், அவ்வளவுதான், ஒட்டிடலாம்டா, ஞாயித்துக்கிழமை வாங்கடான்னு சொல்லணும். கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கறான்.