நல்ல தண்ணியில் பிளந்த இஞ்சின்

2007 உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு நான் ஸ்தவாங்கரிலிருந்து ஒஸ்லோ போனது ஊர் பார்க்க இல்லை. மனைவியின் தம்பி அன்ரனின் படகு இஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையாம். நான் கார் கராஜில் வேலை செய்கிறவன் என்பதால், சொந்தத்தில் யாருடைய சைக்கிள் பழுதானாலும் எனக்குத்தான் போன் வரும்.

படகு ஏன் என்றும் சொல்லவேண்டும். அன்ரனின் அப்பா, அதாவது என் மாமா, மன்னார்க் கடலிலேயே காலம் போக்கியவர். இப்போது சண்டையால் அங்கே கடலுக்குப் போகத் தடை. ஜூனில் மூன்று மாத விசாவில் ஒஸ்லோ வருகிறார். அவரை ஒருக்காக் கடலில் இறக்கவேண்டும் என்று, அன்ரன் போன கோடையில் சேமிப்பையெல்லாம் துடைத்துப் பழைய டீசல் படகொன்று வாங்கினான்.

ரயில் எட்டு மணித்தியாலம். மலையெல்லாம் இன்னும் பனி. வடிவுதான், ஆனால் இந்தக் குளிரில் அந்த இஞ்சின் எப்படி நின்றதோ என்றுதான் எனக்கு யோசனை. ஒஸ்லோவில் ரயில் மாறினால் அன்ரன் இருக்கிற ஹவுகெட்டோ பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஸ்டேசனில் அன்ரன் நின்றான். அங்கிருந்து காரில் கால் மணித்தியாலத்தில் படகுத்துறை.

படகு கரையில் மரக்கட்டைகள் மேல் நின்றது. தார்ப்பாயில் ஒரு முடிச்சுக்கூட இளகவில்லை. இஞ்சின் மூடியைத் திறந்ததும் கண்டுவிட்டேன். பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

"குளிருக்கு முன்னம் என்ன செய்தனி?"

"நல்ல தண்ணி விட்டுக் கழுவினனான் அத்தான். ஒரு சொட்டு உப்பு விடேல்லை. அப்பா போனிலை சொல்லச் சொல்லச் செய்தனான்."

"கழுவின தண்ணியை வடிச்சனியோ?"

அவன் குனிந்து வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தான்.

ஊரில் இஞ்சின் படகின் பின்னால் தொங்கும். நிமிர்த்தி விட்டால் தண்ணி தானாக வடிந்துவிடும், உப்பு ஒன்றுதான் எதிரி. இது உள்ளே பூட்டிய இஞ்சின். விட்ட தண்ணி அங்கேயே நின்று, உறைந்து, ஊதி, இரும்பைப் பிளந்துவிட்டது. ஏசத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. கவனமில்லாமல் விட்டவனென்றால் ஏசலாம்.

பக்கத்துப் படகுக்கார நோர்வேஜியன் எட்டிப் பார்த்து, "புது இஞ்சின் படகை விட விலை கூட" என்று சொல்லிவிட்டு, தன் பிளாஸ்கிலிருந்து அன்ரனுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"ஒட்டேலாதோ அத்தான்?"

"ஒட்டலாம். மாமாவை ஏத்திக்கொண்டு போய் நடுக்கடலிலை நிக்கவேண்டி வரும். வேண்டாம்."

இஞ்சை நோர்வேயில் படகு வாங்க நினைக்கிற எங்கடை ஆட்களே, கேளுங்கள். ஒக்டோபர் முடிய முன்னம் வேலையை முடியுங்கள். நல்ல தண்ணியால் கழுவுவது சரிதான், அதோடு நிறுத்தாதீர்கள். காருக்கு விடுகிற உறையாத் திரவத்தை, சூடேறி ஓடுகிற இஞ்சினை உறிஞ்ச விடுங்கள். வெளிக்குழாயால் அதே நிறம் வந்தபிறகு நிற்பாட்டுங்கள். அரை மணித்தியால வேலை. ஒரு மனிதனின் கோடை முழுக்க அதில்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன் என்றால், திரும்பி வரும்போது காரில் அன்ரனின் போன் அடித்தது. மாமா. ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, இஞ்சினை வடிவாக் கழுவித்தானே வைச்சனி?"

அன்ரன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம் அப்பா. நீங்கள் சொன்ன மாதிரியே கழுவினனான்."

"அப்ப பயமில்லை. நான் தூண்டில் கயிறு வாங்கிப்போட்டன்."