இடது பக்கம் மட்டும் அளந்த பம்பர்

பதினான்கு வருடம் நான் மூடி வரைந்தவன். காரின் டேஷ்போர்டில் ஒரு குட்டி அறை இருக்குமே, வண்டிக் காகிதங்களையும் உருகிப்போன சாக்லேட்டையும் போட்டு வைக்க, அதன் மூடி. அது 'டக்' என்று மூட வேண்டுமா, 'டொப்' என்று மூட வேண்டுமா என்று ஏழு பேர் உட்கார்ந்து பேசிய கூட்டத்தில் நான் 'டக்' கட்சி. தொண்டை வறள வாதாடி ஜெயித்தேன். அப்புறம் அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். என்னை அனுப்பிவிட்டுக் கதவை மூடிய சத்தம் 'டொப்'.

வீட்டுக்கு வந்து, "இனிமே நான் டிசைன் கன்சல்டன்ட்" என்றேன்.

"ஓ, வேலை இல்லாதவங்களுக்கு இப்ப அதான் பேரா?" என்றாள் மனைவி.

அந்தப் பெயரைக் காப்பாற்ற அலைந்ததில்தான் பொழிச்சலூர் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காட்டிலும் சேற்றிலும் ஓட்டுகிற ஜீப்புகளுக்கு இரும்பு பம்பர் செய்து தரும் வெல்டர் ஒருவரின் ஷெட் அது. என்னைவிடப் பத்து வயது சிறியவர். தகடு வெட்டித் தருகிற லேசர் பட்டறை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருந்தது. அவர்கள் கணினியில் வரைந்த படம் இல்லாமல் ஒரு தகட்டையும் தொட மாட்டார்கள். வெல்டருக்குக் கணினி தெரியாது. எனக்குக் கணினி தவிர வேறெதுவும் தெரியாது. ஆக, எங்களுக்குள் பொருத்தம் பிரமாதம்.

ஷெட்டுக்கு மேலே விமானம் தாழ்வாகப் போகும். அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, விமானம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். எனக்குத்தான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது மறந்துவிடும்.

அவர் வைக்கும் வெல்டிங்கை முதல் நாள் பார்த்தபோதே விழுந்துவிட்டேன். இறுக்கிப் பின்னிய ஜடை மாதிரி, ஒரு இழைகூட விலகாமல் தகட்டின் ஓரமாகப் போகும். பெயின்ட் அடித்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. "யாரு பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன். "நான் பாத்துட்டேனே சார்" என்றார்.

அந்த ஷெட்டுக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்தார். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை காட்டன் புடவை, ஸ்கூட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். ஜீப்பைப் பள்ளத்திலும் சகதியிலும் இறக்கி ஏற்றுகிற போட்டியில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. போன வருடம் பெயர் கொடுத்துப் போயிருக்கிறார். உள்ளே விடுவதற்கு முன் வண்டியைச் சோதிப்பார்கள். சிக்கிக்கொண்டால் இழுப்பதற்காக முன்பம்பரில் இருக்கும் கொக்கியில் சங்கிலி மாட்டி டிராக்டரால் ஒரு இழு இழுப்பார்கள். டீச்சருடைய பழைய பம்பர் அப்பளம் மாதிரி மடங்கிவிட்டது. சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இந்த வருஷமும் வாசல்லயே திருப்பி அனுப்பினா ஜீப்பை வித்துடறேன்னு வீட்ல வாக்கு குடுத்திருக்கேன்" என்றார் டீச்சர். "அதனால தம்பி, பம்பர் மடங்கவே கூடாது."

"மடங்காது மிஸ். டிராக்டர் வேணா மடங்கும்" என்றார் வெல்டர்.

முன்னாலும் பின்னாலும் புதிய பம்பர் என்று முடிவானது. சாலையில் இரும்பு பம்பரோடு போகக் கூடாது. அதனால் பழைய பம்பரோடு மைதானத்துக்குப் போய், அங்கே அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். போல்ட்டுகள் கையால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். முன்பம்பரின் இரண்டு ஓரங்களும் மேல்நோக்கி ஒதுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடு ஏறும்போது சக்கரத்துக்கு முன்னால் பம்பர் போய் மண்ணை முட்டும். இதையெல்லாம் வெல்டர் ஐந்து நிமிடத்தில் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். நான் மூன்று வாரம் கணினியில் வரைந்தேன்.

பின்பம்பர் முதலில் முடிந்தது. மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. டீச்சர் என்னைப் பாராட்டினார், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். உண்மையில் அதை அளந்தது நானில்லை. அளவெடுக்கும் நாளில் நான் பல்லாவரத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டதால், வெல்டரே அட்டை வெட்டி அளவெடுத்து வைத்திருந்தார். நான் அதைக் கணினியில் ஏற்றினேன். அவ்வளவுதான்.

முன்பம்பரை அளந்தது நான்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் ஜீப்பை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். முன்பம்பரைச் சங்கிலியில் தொங்கவிட்டு மாட்டத் தொடங்கினார் வெல்டர். வண்டியின் அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடும். அவை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளுக்குக் கொம்பு என்று பெயர். பம்பரின் இரண்டு பக்கத்திலும் இருக்கும் கனத்த தகடுகளை அந்தக் கொம்புகளில் நான்கு நான்கு போல்ட்டால் பிடிக்க வேண்டும்.

"சார், லெஃப்ட்ல நாலும் போயிட்ச்சு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ரைட்ல ஓட்டையே காணோம் சார்."

குனிந்து பார்த்தேன். தகட்டின் துளைக்குப் பின்னால் கொம்பின் துளை இல்லை. வெறும் இரும்பு தெரிந்தது.

"வெல்டிங் சூட்டுல இழுத்திருக்கும்" என்றேன், விஷயம் தெரிந்தவன் போல.

"இன்னா சார், ஆரம்பமே என் மேலயா?"

"அப்ப லேசர் கட்டிங்ல தப்பு."

அவர் என் படத்தை விரித்து, பம்பரின் மேல் டேப்பை வைத்து ஒவ்வோர் அளவாகக் காட்டினார். எல்லாம் சரி. "பேப்பர்ல இன்னா கீதோ அத்தான் இரும்புல கீது" என்றார். பழி போட இனி பூமியின் சுழற்சிதான் பாக்கி.

பிறகு அவர் ஒரு நூலை எடுத்து, இடது பின்சக்கரத்துப் பக்கமிருந்து வலது கொம்புக்கும், வலதிலிருந்து இடது கொம்புக்கும் குறுக்காகப் பிடித்தார். நூல் இரண்டும் ஒரே நீளமில்லை. வலது கொம்பு பதினோரு மில்லிமீட்டர் பின்வாங்கி, லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது.

"எப்பவோ எவனோ இத்த எங்கயோ கொண்டு போய் மோதிக்கினு கீறான். ஏலத்து வண்டின்னா அப்படித்தான்." என்னைப் பார்த்தார். "சார், உண்மைய சொல்லு. ரைட்டு அளந்தியா?"

நல்லவேளை, அப்போது ஒரு விமானம் வந்தது. இருபது விநாடி கிடைத்தது. அதற்குள் ஒரு நல்ல பொய் தோன்றிவிடும் என்று நம்பினேன். விமானம் போய்விட்டது. வெல்டரும் டீச்சரும் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அளக்கலை" என்றேன்.

நடந்தது இதுதான். முன்பம்பருக்கு அளவெடுக்கப் போன அன்று டீச்சர் வீட்டில் ஜீப்பின் வலது பக்கம் சுவரை ஒட்டி நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே திறந்த சாக்கடை. என் சட்டை புதுசு. கணினியில் ஒரு பாதியை வரைந்து ஒரு பொத்தானை அழுத்தினால், கண்ணாடியில் தெரிகிற மாதிரி மறுபாதி தானாக வந்துவிடும். பதினான்கு வருடம் நான் வரைந்ததெல்லாம் அச்சில் வார்த்த புத்தம்புது சாமான்கள். அவற்றில் இடதும் வலதும் சண்டை போட்டதில்லை. அழுத்திவிட்டேன்.

"ரெண்டு பக்கமும் சமம்னு எங்க ப்ரூவ் பண்ணீங்க?" என்றார் டீச்சர்.

"பண்ணலை மிஸ்." நாற்பத்தாறு வயதில் என் வாயிலிருந்து 'மிஸ்' தானாக வந்தது. கையைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

டீச்சர் கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் டின்னின் மேல் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "தம்பி, சாயங்காலத்துக்குள்ள முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நானே போன் பண்ணி பேரை எடுத்துடறேன். மறுபடியும் வாசல்ல நின்னு திரும்பி வர என்னால முடியாது."

"துளையை அரத்தால கொஞ்சம் நீளமா ராவிட்டா?" என்றேன். "முட்டை மாதிரி ஆக்கிட்டா போல்ட் போயிடுமே?"

"போவும். நாளைக்கு டிராக்டர் இழுக்க சொல்லோ அந்த முட்டைக்குள்ள போல்ட்டு ஓடிப் புடிச்சு ஆடும். அப்பால மிஸ்ஸு வாசல்லயே நிப்பாங்க." சொல்லிவிட்டு டீச்சரிடம் திரும்பினார். "மிஸ், நீங்க போன்லாம் பண்ணாதீங்க. டீ சாப்பிடுங்க."

அடுத்து அவர் செய்ததை என்னால் பார்க்க முடியவில்லை. கிரைண்டரை எடுத்து, தான் வைத்த அந்த ஜடைப் பின்னலை, வலது பக்கம் முழுவதும், பொறி பறக்க அறுத்தார். இரண்டு நாள் வேலை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என் மூடியின் 'டக்'கை யாராவது 'டொப்' ஆக்கியிருந்தால் நான் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

தகடு தனியாகக் கழன்றதும், ஷெட்டின் மூலையில் கிடந்த வாஷிங் மெஷின் அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்தார். கொம்பின் நான்கு துளைகளின் விளிம்பிலும் விரலால் கிரீஸ் தடவினார். அட்டையை அதன் மேல் வைத்து உள்ளங்கையால் ஓங்கி அழுத்தி எடுத்தார். அட்டையில் நான்கு கரிய வளையங்கள் அச்சாகப் பதிந்திருந்தன. டேப் இல்லை, கணினி இல்லை, மூன்று வாரம் இல்லை. திரும்பிய கொம்பு எப்படித் திரும்பியிருந்ததோ அப்படியே அட்டையில் இருந்தது.

"இத்தான் சார் இந்த வண்டி" என்று என் கையில் கொடுத்தார். "உஷாரா புடி. கிரீஸை ஈஷிக்காத."

ஈஷிக்கொண்டேன். இன்னொரு அட்டை எடுத்தார். திட்டவில்லை.

மீந்திருந்த கனத்த தகட்டில் அந்த வளையங்களைக் குறித்து, வெட்டி, துளை போட்டார். புதுத் தகட்டை முதலில் கொம்பில் போல்ட் போட்டு இறுக்கினார். பம்பரை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மட்டம் பார்த்து, ஜாக்கியில் நிறுத்தினார். வண்டிக்குத் தகடு, தகட்டுக்கு பம்பர் என்று வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார். வெல்டிங் கரன்ட் வண்டிக்குள் போகாமலிருக்க, பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். நான் செய்ததில் உருப்படியான ஒரே வேலை அது. அதிலும் ஸ்பேனர் சைஸை டீச்சர்தான் சொன்னார்.

வெல்டிங்கை அவசரப்படுத்தவே இல்லை. இங்கே ஓர் அங்குலம், அந்தக் கோடியில் ஓர் அங்குலம், நடுவில் கை வைத்துச் சூடு பார்ப்பது. ஒரே இழுப்பாக வைத்தால் இரும்பு சூட்டில் வளைந்து மறுபடியும் துளை தவறிவிடும். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெல்டர் பார்க்கவில்லை. நாலரை மணிக்கு எட்டு போல்ட்டையும் கழற்றினார், பம்பரை இறக்கினார், மறுபடியும் ஏற்றினார். ஒவ்வொரு போல்ட்டாக, இரண்டு விரலால், ஜாக்கெட்டுக்குப் பட்டன் போடுகிற மாதிரி உள்ளே தள்ளினார். எட்டும் போயின.

டீச்சர் எழுந்து வந்து வலது பக்கத்தைத் தடவிப் பார்த்தார். புதுப் பின்னல் பழையதைவிட நேராக இருந்தது.

"சாரு டிசைன் மிஸ். சும்மாவா?" என்றார் வெல்டர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். டீச்சர்தான் சிரித்தார். எனக்கு அந்தச் சாக்கடையிலேயே போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு காய்ந்த ஏரி. பம்பர்கள் குட்டியானை மினிலாரியில் வந்து இறங்கின. தானேதான் மாட்டுவேன் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வெல்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உதவப் போய்விடாமல் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். டீச்சரின் விரலுக்கு எட்டு போல்ட்டும் வழிவிட்டன.

சோதிக்கிறவர் டார்ச்சோடு அடியில் படுத்தார். "என்ன மேடம், ரெண்டு பக்கத் தகடும் வேற வேற மாதிரி இருக்கு?"

"வண்டி அப்படித்தான் சார் இருக்கு. வண்டிக்குத் தகுந்த மாதிரி செஞ்சது" என்றார் டீச்சர்.

சோதிக்கிறவர் சங்கிலியை மாட்டிக் கையசைத்தார். டிராக்டர் உறுமியது. சங்கிலி விறைத்தது. டீச்சர் ஏறி பிரேக்கை மிதித்துப் பிடித்திருந்த ஜீப், சக்கரம் சுற்றாமல், மண்ணில் நான்கு கோடு கிழித்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்தது. பம்பர் நின்ற இடத்தில் நின்றது. சோதிக்கிறவர் மறுபடியும் குனிந்து வலது தகட்டைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் போட்டி நம்பரை ஒட்டினார்.

டீச்சர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு கியர் போட்டு உள்ளே போனார். முதல் மேட்டை ஏறி இறங்கினார். இரண்டாவது பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்ற, எப்படியோ வெளியே வந்தார். மூன்றாவது சகதி. பம்பர் வரைக்கும் உள்ளே இறங்கி ஜீப் நின்றேவிட்டது.

டிராக்டர் வருவதற்குள் வெல்டர் பேன்ட்டை மடித்துக்கொண்டு, சங்கிலியோடு சேற்றில் இறங்கிவிட்டார். நானும் பின்னால் போனேன், என் செருப்பு ஒன்று மட்டும் வரவில்லை. டீச்சர் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, சேலைத் தலைப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் ஒரு விரலை மட்டும் துடைத்து, வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஹலோ... ஆமாங்க, மாட்டிக்கிட்டேன்" என்றார். மறுமுனையில் ஏதோ ஆறுதல் சொன்னார்கள் போலிருக்கிறது. "ஐயோ, இல்லைங்க! வாசல்ல இல்ல. உள்ள! உள்ள வந்து மாட்டிக்கிட்டேன்!"