ஆடு காட்டிய சாரா பீவி

பாலக்கரையில் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் சாரா பீவியின் இடுப்பில் வளர்ந்தவர்கள். வேலைக்குப் போகும் பெண்கள் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அவரைப் பார்த்து ஒரு பிள்ளை அழுததாகச் சரித்திரமே கிடையாது.

அந்தச் சரித்திரத்தை மூன்று வயது அல்ஷிஃபா மாற்றி எழுதினாள். போன வாரம் வரை "மாமி, மாமி" என்று காலைச் சுற்றியவள், பக்ரீத் முடிந்ததும் அவரைக் கண்டாலே அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்தாள்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த தெருவுக்கு அவல் கிடைத்தது. கண்ணேறு என்று சொல்லி ஓதின தண்ணீர் கொண்டுவந்தார்கள். பீவி கிள்ளியிருப்பாளோ என்றும் கிசுகிசுத்தார்கள். தகப்பன் இம்தியாஸ் சவூதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். குழந்தை வளர்ப்பு வீடியோக்கள் நாலைந்தைப் பார்த்துவிட்டு நிபுணராகி, மனைவிக்குப் போனில் உத்தரவு போட்டான்.

"கேமரா மாட்டு ருக்ஸார். ஏதாவது தெரிஞ்சுச்சு, அந்த மாமிய நிறுத்திடு."

இது சாரா பீவியின் காதுக்கும் வந்தது. இந்த வீட்டில் நிறுத்தினால் வேறெந்த வீட்டில் பிள்ளையை நம்பிக் கொடுப்பார்கள்? அதைவிட, மடியில் தூங்கிய பிள்ளை தன்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்ததுதான் அவரைச் சாப்பிட விடவில்லை.

கேமரா வந்தது. மறுநாள் காலை ருக்ஸார் ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பும் நேரம், சாரா பீவி கையை நீட்டினார்.

"வா கண்ணு, தெருவுல பூனை காட்டுறேன்."

அல்ஷிஃபா கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "வேணாம்! நீ காட்டுனா எல்லாம் காணாப் போயிடும்! அம்மா போயிடுது! ஆடும் போயிடுச்சு!"

சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழும் என்பது ருக்ஸாரின் சித்தாந்தம். அதனால் தினமும் காலையில், குர்பானிக்காக எதிர்வீட்டில் கட்டியிருந்த ஆட்டைக் காட்ட மாமி பிள்ளையைத் தூக்கிப் போவார். தாய் பின்வாசல் வழியாக நழுவி பஸ் பிடிப்பாள். பக்ரீத்தன்று ஆடும் போய்ச் சேர்ந்தது. கண்ணேறு முதல் கேமரா வரை யோசித்த நாங்கள் யாரும் ஆட்டை யோசிக்கவில்லை.

சாரா பீவிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஒளிஞ்சு போறது நீ, பழி எனக்கா? நானும் கூட்டுதான், அது வேற. இனிமே முன்வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போம்மா. அழுதா அழுவட்டும், நான் இருக்கேன்ல."

"அம்மா போயிட்டு வரேன்" என்று ருக்ஸார் சொன்னதும் பிள்ளை போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. ஆனால் சொன்னபடி மாலையில் அம்மா வந்தாள். மறுநாளும் வந்தாள். கூச்சல் மெல்லச் சிணுங்கலாகி, பிள்ளை மறுபடி மாமியின் இடுப்பில் ஏறிக்கொண்டது. கேமரா இப்போது சுவரைக் கண்காணிக்கிறது.

வெள்ளிக்கிழமை இம்தியாஸ் வீடியோ காலில் வந்தான். "நான் கேமரா வைக்கச் சொன்னதாலதான் எல்லாம் வெளிய வந்துச்சு" என்று பெருமையடித்துவிட்டு, வழக்கம்போலச் சட்டென்று வைக்கப் போனான்.

மாமியின் இடுப்பிலிருந்து அல்ஷிஃபா அதட்டினாள். "அத்தா, போயிட்டு வரேன்னு சொல்லு."

போன முறை லீவு முடிந்து, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது விமானம் ஏறப் புறப்பட்டவன் அவன். எழுந்தால் அழுவாள் என்று முத்தம்கூடக் கொடுக்கவில்லை.

வைக்கப் போன விரலை எடுத்தான். "போயிட்டு வரேன் கண்ணு" என்றார் நிபுணர்.