குழாயடியில் நீட்டிய வாடகை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார் என் கணவர். அவருக்கோ கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். மாரெட்பள்ளியில் ஐந்து குடித்தனம் இருந்த காம்பவுண்டில் எங்களுக்கு இரண்டு அறை. ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது. மாதம் பிறந்தால் வாடகை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் வீட்டுக்காரர் இரண்டு மாதம் வாடகை வாங்கவில்லை. பிறகு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றாராம். "எவ்வளவு நல்ல மனுஷன்" என்று பணத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார் இவர். மூன்றாம் மாதம் அந்த நல்ல மனுஷன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்: இரண்டு மாத வாடகை பாக்கி, மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் கிடைத்திருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும்தான், பொய் சொல்வானேன். எங்கள் சம்பளத்துக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்?

"நேர்ல போய்ப் பேசிப் பாக்கறேன்" என்றார் இவர்.

"நீங்க பேசினது போதும்" என்றேன். வீட்டுக்காரர் வீட்டுக்குள் தனியாகப் பணத்தைக் கொடுத்தால், கொடுத்ததற்கு யார் சாட்சி?

தண்ணீர் வால்வின் சாவியை வீட்டுக்காரர் யாரிடமும் தரமாட்டார். காலையில் அவரே வந்து திறந்தால்தான் குழாயில் தண்ணீர். மறுநாள் பெண்களெல்லாம் குடத்தோடு நிற்கும்போது, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு மொத்த வாடகையையும் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"நக்கோம்மா. வக்கீல்கிட்ட பேசு."

"வாடகை வேண்டாமா?" என்று தெலுங்கில், நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன்.

"நக்கோன்னா நக்கோ" என்று வால்வை மூடிவிட்டார். பிரச்சினை என்னோடு நின்றிருந்தால் மற்றவர்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இப்போது எல்லார் குடமும் காலி. எந்த வம்புக்கும் போகாத பக்கத்து வீட்டுக்காரி குடத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

"அக்கா குடுத்தாங்க, நீங்கதான் வேணாம்னீங்க. எந்தக் கோர்ட்ல வேணாலும் வந்து சொல்றேன்."

"ஹவ், ஹவ்" என்று மற்றவர்களும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

 வீட்டுக்காரர் வால்வைத் திறந்தார். பணத்துக்குக் கை நீட்டினார். நான் தாம்பாளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"முதல்ல ரசீது."

எழுதக் காகிதம் இல்லை என்றார். இடுப்பில் செருகியிருந்த அவருடைய நோட்டீஸையே எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதில்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.