எல்லையம்மாவுக்கு நேர்ந்த முடி

கூழ் குடிச்சிட்டு ஒரு நிமிஷம் உக்காருங்க, அக்கா, தங்கச்சிங்களா. நம்ம எல்லையம்மா எனக்குப் பண்ணதைச் சொல்லலன்னா எனக்கு மனசு ஆறாது.

போன ஆடிக்கு முந்தின ஆடியில என் வயிறு வீங்க ஆரம்பிச்சுது. பம்மல் மார்க்கெட்ல மீன் விக்கிறவ நான். "இன்னா வசந்தாக்கா, இந்த வயசுல முழுவாம கீறியா?"ன்னு கேலி பண்ணாங்க. நானும் சிரிச்சேன். கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சே ரெண்டு மாசம் ஓட்டிட்டேன்.

மூச்சு வாங்கினப்புறம்தான் தாம்பரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனேன். சினைப்பையில புத்துநோய், வயிறு பூரா பரவிடுச்சுன்னாங்க. அதைக்கூட தாங்கிக்கினேன். "இப்ப ஆபரேஷன் முடியாதும்மா, முதல்ல கீமோ"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க பாருங்க, அங்கதான் ஒடைஞ்சு போனேன். கத்தி வைக்கலன்னா கைய விரிச்சிட்டாங்கன்னுதானே நமக்குத் தோணும்? கட்டியை மருந்தால சுருக்கிட்டு அப்புறம் எடுக்கணும்னு அவங்க பொறுமையாதான் சொன்னாங்க. எங்க காதுல ஏறுச்சு! என் வூட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து அழுதார்.

அன்னிக்கே இந்தக் கோயில் வாசல்ல வந்து விழுந்தேன். "ஆத்தா, ஆபரேஷன் டேபிள் வரைக்கும் என்னைக் கொண்டு போயிடு. இடுப்பு வரைக்கும் தொங்குற இந்த முடிய உனக்குக் குடுக்கிறேன்." ஆபரேஷன் வேணும்னு அழுதவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

முதல் கீமோ போட்டு கொஞ்ச நாள்ல முடி கொத்துக் கொத்தா கையோட வந்துடுச்சு. வாந்தியைக்கூட பொறுத்துக்கினேன். நேர்ந்த பொருளே போச்சே, இனி ஆத்தா என்னை எதுக்குப் பார்ப்பான்னு கதறினேன். என் நாத்தனார் கலாதான் திட்டினா. "அவ இன்னா சவுரி வியாபாரமா பண்றா அண்ணி? உன்னைத்தான் பார்த்துகினு கீறா. அழுவாம கஞ்சி குடி."

மூணு கீமோ முடிஞ்சு ஸ்கேன் பார்த்துட்டு டாக்டரம்மா சிரிச்சாங்க. "நல்லா சுருங்கிடுச்சு வசந்தா. ஆபரேஷன் பண்ணிடலாம்." கல்யாணம் நிச்சயம் ஆன பொண்ணு மாதிரி எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டியெல்லாம் எடுத்துட்டாங்க. அப்புறமும் மூணு கீமோ. செக்கப்புக்கு இன்னும் போய்கினுதான் இருக்கேன். இப்ப ஒண்ணும் இல்லன்றாங்க. கூடையைத் தூக்க மட்டும் வூட்டுக்காரர் வுட மாட்டேங்குறார்.

முடி திரும்ப மொளைச்சு காது வரைக்கும் வந்துச்சு. "வேண்டுதல் அப்பவே கழிஞ்சுது அண்ணி, இதையாவது வெச்சுக்கோ"ன்னா கலா. நான் கேக்கல. காலையில மொட்டை அடிச்சுக்கினேன். சந்தனம் இன்னும் காயல, பாருங்க.

வயிறு உப்பினா சோடா குடிச்சுகினு கிடக்காதீங்கம்மா. டாக்டர்கிட்ட போங்க. போறப்ப இந்த ஆத்தாவைக் கூப்பிடுங்க, கூடவே வருவா. அன்னிக்கு என் முடி தானா போச்சு. இன்னிக்கு நானே, உயிரோட உக்காந்து குடுத்தேன்.