அப்பாவின் முதுகுக்கு நான் செய்த வைத்தியம்

மாமாவின் கம்பெனிக்கு இன்ஸ்பெக்சன் வருகிறது என்றால் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் காலைச் சோறு இறங்காது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மண்ணரை என்ற பகுதியில் ஒரு சந்துக்குள் பதினாறு தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், இரண்டு அயர்ன் டேபிள், அவ்வளவுதான். அம்மாவின் அண்ணன் முதலாளி. அப்பா அங்கே செக்கிங் பார்த்தார். தைத்து வரும் பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்குவது அவர் வேலை. மாப்பிள்ளை கண்ணுக்கு ஒரு பொட்டுக் கறை தப்பாது என்று மாமா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார்.

இன்ஸ்பெக்சன் நாளில் மாமா செய்யும் வித்தை ஒன்று உண்டு. லீவு நாட்களில் அங்கே போய் உட்கார்ந்திருந்த எனக்கு அது மனப்பாடம். சரக்கைப் பார்க்க ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கறை பட்ட பனியன்களை எடுத்து, துப்பாக்கி மாதிரி இருக்கும் ஒரு ஸ்ப்ரேயால் மருந்து அடிப்பார். சர்ரென்று அடித்ததும் கறை காணாமல் போகும். அயர்ன் போட்டு, மடித்து, பெட்டியில் மேலாக வைத்துவிடுவார். சில கறைகள் போன கையோடு திரும்பி வந்துவிடுமாம். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. “வர்றவன் பாக்கற நேரத்துக்குச் சுத்தமா இருந்தாப் போதுங் கண்ணு. பாஸ் ஆயிருச்சுன்னா அப்பறம் யாரு கேக்கறா?” என்பார். அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். எனக்கோ மாமாவைவிடப் பெரிய கெட்டிக்காரர் உலகத்திலேயே கிடையாது.

அப்பாவின் முதுகில், இடுப்புக்கு மேலே, சிவப்புச் சிவப்பாகப் படை இருந்தது. தட்டையாக, லேசாகச் செதில் உதிர்ந்துகொண்டு, உள்ளங்கை அகலத்தில் நான்கைந்து. அது எப்போது வந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. துணிக்குச் சாயம் போடும் எங்கள் ஊரில் உடம்பில் எது வந்தாலும் சாயத்தின் மேல் பழி போட்டுவிடலாம். அப்படியே போட்டோம். “அந்த மெரூன் கலர் துணிதானுங்க மாப்ள, உங்களுக்கு ஒத்துக்கல” என்று மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார். அப்பா வெள்ளைப் பனியனுக்கு மாறினார். அம்மா சோப்பை மாற்றினாள். வேப்பிலை போட்டுக் குளிக்க வைத்தாள். படை அசையவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் கொடுத்த ஆயின்மென்ட் மட்டும்தான் வேலை செய்தது. போட்டால் மங்கும், விட்டால் வரும். சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வந்து தரையில் உட்காருவார். அதைத் தேய்த்துவிடுவது என் உத்தியோகம். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா பிடிவாதமாக அப்பாவைக் கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுப் பார்த்தாராம். துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன் நான்கு வாரம் அந்த ஆயின்மென்டைக் கையாலும் தொடக் கூடாது, அரித்தால் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவலாம், படை அதன் உண்மையான முகத்தைக் காட்டினால்தான் டெஸ்டில் தெரியும் என்று சொல்லி அனுப்பினார். இதெல்லாம் அம்மா சமையற்கட்டில் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் காதில் வாங்கியது. கடைசியில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

“கேன்சரா இருக்குமோன்னு சந்தேகப்படறாருங்கண்ணா.”

மாமா கையில் இருந்த காபி டம்ளரை அப்படியே மேடையில் வைத்தார். “படையிலயா? என்னம்மிணி சொல்ற? வெறும் படையிலயா?”

எங்கள் தெருவில் அந்த வியாதி வந்த ஒருவரை நான் பார்த்திருந்தேன். பொங்கலுக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், ஆடி பிறக்கும்போது இல்லை. அது வயிற்றுக்குள் வருவது, ரத்தத்தில் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். இதுவோ நான் தினமும் தேய்த்துவிடும் முதுகு! என் விரலுக்கு ஒவ்வொரு படையும் தெரியும். அந்த இடத்திலா?

அழவில்லை. யோசித்தேன். ஒன்பது வயது மூளைக்கு எட்டியது இதுதான்: டாக்டர் பார்க்கப்போகிறார், அது இன்ஸ்பெக்சன். அவர் பார்க்கும் நேரத்தில் முதுகு சுத்தமாக இருந்தால் பாஸ். பாஸ் ஆகிவிட்டால் அப்பாவுக்குக் கேன்சர் இல்லை. இத்தனை எளிய விஷயம் இந்தப் பெரியவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அம்மா தூக்கி எறிந்த ஆயின்மென்ட் டியூபைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து என் ஸ்கூல் பைக்குள் வைத்துக்கொண்டேன். தினமும் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றும்போது, அதில் சுண்டுவிரல் நீளம் பிதுக்கிக் குழைத்துவிடுவேன். டியூப் தீர்ந்ததும் என் உண்டியல் காசில், அப்பாவுக்கென்று சொல்லி மருந்துக் கடையில் இன்னொன்று வாங்கினேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. “போதுங் கண்ணு, கை வலிக்கும்” என்பார். நான் விடாமல் தேய்த்தேன். அப்படியொரு அக்கறையை நான் படிப்பில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

நான்கு வாரத்தில் முதுகு பளிச்சென்று ஆகிவிட்டது. டாக்டர் குழம்பினாராம். இருந்தாலும் மங்கிக் கிடந்த ஓர் இடத்தில் துளி சதை எடுத்து அனுப்பினார். கேன்சர் என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை, சாதாரணக் கரப்பான் படை மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் மூன்று மாதம் கழித்துக் கட்டாயம் வந்து காட்டுங்கள் என்று ரிசல்ட்டோடு சொல்லியனுப்பினார். நாங்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டோம். மாமா கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அம்மா அன்றுதான் ஒரு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவைக் காப்பாற்றியது நான்தான் என்ற திமிரோடு இரண்டு லட்டு தின்றேன்.

ஒரு மாதத்தில் படை திரும்பி வந்தது. கரப்பான்தானே என்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் மாதம் டாக்டரிடம் போகவுமில்லை. ஒரு வருடம் கழித்து, நான் எண்ணெய் தேய்க்கும்போது இடுப்புப் பக்கம் விரலுக்கு என்னவோ இடித்தது. நெல்லிக்காய் அளவில் கட்டி. மறுபடி கோயமுத்தூர், மறுபடி சதை டெஸ்ட். இந்த முறை லட்டு வரவில்லை. தோலில் வருகிற அபூர்வமான ஒரு கேன்சர், தன் சர்வீஸில் இப்படி இரண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருப்பதாக டாக்டரே சொன்னாராம். சென்னையில் இதையே பார்க்கிற பெரிய டாக்டர் அம்மா ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார். என் அம்மா அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கோ ஒன்றுமே விளங்கவில்லை. பாஸ் ஆனது எப்படி ஃபெயில் ஆகும்?

பரீட்சை லீவு என்பதால் என்னையும் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் அம்மாவுக்கு நரைத்த தலை, கண்டிப்பான குரல். அறைக்குள் அப்பா, அம்மா, துணைக்கு வந்த மாமா, நான் என்று நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அவர் இரண்டு ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“முதல் தடவை எடுத்ததுல ஏன் ஒண்ணுமே தெரியல? அதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு ஆயின்மென்ட் போட்டீங்களா?”

“சத்தியமா இல்லீங்க டாக்டர்” என்றாள் அம்மா. “தேங்காண்ணை மட்டுந்தானுங்க. பாப்பாதான் தெனமும் தேச்சு உட்டா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் அம்மாவும் பார்த்தார். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. என் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தார்.

“நாந்தானுங்க போட்டேன்” என்றார். “அரிப்புத் தாங்கலீங்க. ஊட்ல யாருக்குந் தெரியாது.”

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். “படிச்சவர்தானே நீங்க? அன்னைக்கே தெரிஞ்சிருந்தா வெறும் லைட் வெளிச்சம் காட்டற ட்ரீட்மென்ட்டுல கட்டுப்படுத்தியிருக்கலாம். இப்ப உடம்புத் தோல் முழுக்க ரேடியேஷன் கரண்ட் வைக்கணும். ஒரு வருஷத்தைத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறீங்க!” அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, “தப்புதானுங்க, தப்புதானுங்க” என்று கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் மாமா வேறு. “ஊரான் சரக்குல பொட்டுக் கறை உடமாட்டீங்க. உங்க உசுரு வெசயத்துல இப்படிப் பண்ணிப்போட்டீங்களே மாப்ள!” அம்மா அப்பாவைப் பார்க்காமல், ஆஸ்பத்திரி நடையின் மறுகோடியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா இந்தப் பக்கம் தனியாக நின்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் பெரிய கதை. சென்னையில் வாடகை அறை எடுத்து மாதக்கணக்கில் கரண்ட் வைத்தார்கள். அப்பாவுக்குத் தலைமுடி, புருவம், கை நகம் எல்லாம் உதிர்ந்தன. தோல் வெந்து, பனியன் பட்டாலே முனகினார். பிழைத்தார். இன்றைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சென்னைக்குப் போகிறார். துணைக்கு நான் போகிறேன். அன்று என் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுகொண்டாரா, எண்ணெய் தேய்த்த நாட்களிலேயே வாசனை பிடித்து, பேசாமல் இருந்துவிட்டாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கத் துணிச்சலில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது, டாக்டர் அம்மா திட்டிய அன்று ஊர் திரும்பும் ரயிலில் நடந்ததை. அம்மாவும் மாமாவும் எதிர் சீட்டில் கண்ணை மூடியிருந்தார்கள். நான் அப்பாவின் பக்கத்தில். டாக்டர் அறையில் என்னைப் பிடித்த பயம் அதற்குள் போய்விட்டிருந்தது. நானே எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன்: நான் குழைத்தது துளிதான், அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்பா எனக்குத் தெரியாமல் நிறையப் போட்டிருக்கிறார். எல்லாம் கெட்டது அதனால்தான். எனக்கு அப்படியொரு நிம்மதி. கூடவே அப்பாவின் மேல் அப்படியொரு கோபம்.

“ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க? டாக்டர் வேண்டாம்னாருல்ல?” என்று அவர் தொடையில் ஓர் அடி வைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். “தப்புத்தாங் கண்ணு” என்றார்.

“அம்மா எப்படி ஒடிஞ்சு கெடக்குது பாருங்க. இனிமே பண்ணுவீங்களா?”

“பண்ணமாட்டேஞ் சாமி.”

“சத்தியம்?”

நான் நீட்டிய கையில், அவர் செய்யாத தப்பை இனிமேல் செய்யமாட்டேன் என்று அப்பா சத்தியம் அடித்துக் கொடுத்தார். “சரி, போனாப் போவுது” என்று அவரை மன்னித்துவிட்டு, நகர்ந்து உட்காரச் சொல்லி ஜன்னலோர இடத்தையும் வாங்கிக்கொண்டேன்.