ரோட்டைப் பார்க்கச் சொன்ன கார்

எங்கள் மின்சாரக் கார் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரைக் கண்டித்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் முயன்றும் நடக்காத காரியம் அது.

முந்தின இரவு போர்ச்சில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோதே அப்டேட்டும் தானாக ஏறியிருந்தது. எங்களுக்குத் தெரியாது. கிள்ளானிலிருந்து வேலைக்குக் கிளம்பி ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும், அவர் வழக்கம்போல என் பக்கம் முகத்தைத் திருப்பி, தன் ஆபீஸ் மேனேஜர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தார். திரையில் சிவப்பாக ஒரு கண் முளைத்தது. டிங் டிங் என்று சத்தம். ரோட்டைப் பார்க்கச் சொல்லி எழுத்து வேறு. அவர் முன்னால் திரும்பினார், கண் போய்விட்டது. மேனேஜர் லிஃப்ட் கதவைத் தட்டும் இடத்தில் மறுபடி என்னைப் பார்த்தார். மறுபடி கண்.

"என்னா இது, மாமியார் கணக்கா பாத்துக்கிட்டே இருக்கு," என்றார்.

அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸில் என்னை இறக்கிவிடும்வரை ரோட்டைப் பார்த்தபடியேதான் பேசினார். மேனேஜர் லிஃப்டிலிருந்து வெளியே வந்தாரா, இன்னும் உள்ளேதான் இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. ஏனென்றால் எனக்குக் காது சரியாகக் கேட்காது.

அப்போது இது வீட்டில் யாரிடமும் நான் சொல்லாத விஷயம். இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலது காது முக்கால்வாசி போய்விட்டது. இடது காது அரைச் சம்பளத்துக்கு வேலை செய்தது. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவள்தான், யோசிக்கவே இல்லை. காதில் மெஷின் மாட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் நானா? என் நாத்தனாருக்குத் தெரிந்தால் கிள்ளான் முழுக்கத் தமுக்கு அடித்துவிடுவாள்.

சமாளித்துக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்யும் வக்கீல் ஆபீஸில் ஏர்கான் மேலே அடிக்கிறது என்று சொல்லி, இடது காது வாசல் பக்கம் இருக்கும்படி மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் இடம் மாறி உட்கார்ந்தேன். காரில்தான் வழியில்லை. அவர் ஓட்டினால் என் கெட்ட காதுதான் அவர் பக்கம் இருக்கும். நான் ஓட்டினால் நல்ல காது அவர் பக்கம் வரும், வாஸ்தவம். ஆனால் நான் ஹைவேயில் ஓட்டினால் அவர் என்னிடம் பேசமாட்டார், முருகனிடம்தான் பேசுவார். ஆகவே நான் அவருடைய வாயைப் பார்த்துக் கதை கேட்கக் கற்றுக்கொண்டேன். பழைய காரின் இரைச்சல் தாங்காமல்தான் மின்சாரக் கார் வாங்கலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். பெட்ரோல் மிச்சம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் என் சிக்கனத்தை மெச்சினார்கள்.

எனக்கு அந்தக் காலைப் பயணம் முக்கியம். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வீட்டுக்கு வந்தால் சமையல், டீவி, தூக்கம். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதென்றால் அந்த ரோட்டு ஜாமில்தான். ஜாம் அதிகமாக இருந்தால் மற்றவர்களெல்லாம் திட்டுவார்கள், நான் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். இப்போது ஒரு சிவப்புக் கண் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. அவர் ரோட்டைப் பார்த்துப் பேச, நான் குத்துமதிப்பாக "ம்", "ம்" என்று போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு வாரத்துக்குள் அவரும் பேச்சைக் குறைத்துவிட்டார்.

எங்கள் மாடல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுபாங் ஜெயாவில் ஒரு மாலின் சார்ஜர் பக்கம் எல்லோரும் கூடி அப்டேட்டைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. அதற்கெல்லாம் நான் போவதே இல்லை. அன்றைக்கு அவருக்கு முன்னால் கிளம்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அங்கே ஒரு பஞ்சாயத்தே நடந்துகொண்டிருந்தது. குழுவுக்குத் தலைவர் மாதிரி இருப்பவர் சுங்கை வேயில் குடியிருக்கும் ஒரு அண்ணன். அப்டேட்டுக்குப் பிறகு ஒரே சார்ஜில் கூடுதல் தூரம் ஓடுகிறது என்று அவர் சத்தியம் செய்தார். அதே மாடல், அதே கலர் கார் வைத்திருந்த சாலாக் செலாத்தானிலிருந்து வந்த டீச்சர், குறைந்துவிட்டது என்று சத்தியம் செய்தார். டீச்சருக்கு இன்னொரு வழக்கும் இருந்தது.

"வைப்பர் பட்டனை எங்கியோ உள்ள கொண்டுபோய் வச்சிட்டானுங்க லா. நான் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மழையே நின்னுபோச்சு."

ஒரு சீன அங்கிள், அப்டேட்டுக்குப் பிறகு சீட் கல் மாதிரி ஆகிவிட்டது என்றார். அப்டேட்டுக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் சிரித்தார்கள். "பெத்துல் லா, உண்மைதான்," என்று அவர் இடுப்பைப் பிடித்துக் காட்டினார். டீச்சர் பொரித்துக் கொண்டுவந்த கறிபாப் டப்பா கைமாறிக்கொண்டிருந்தது.

நான் சுங்கை வே அண்ணனுக்கு நேர் எதிரே, இடது காதைக் கொடுத்து நின்றுகொண்டேன். "அண்ணே, அந்தக் கண்ணை எப்படி நிப்பாட்டுறது?"

"அது பாதுகாப்புக்கு அக்கா. அது நல்லதுதானே?"

"நல்லதோ கெட்டதோ, நிப்பாட்டணும்."

அவர் எங்கள் காரில் ஏறித் திரையைத் தட்டினார். உள்ளே போய், அதற்கும் உள்ளே போய், கடைசியில் ஒரு பட்டனைக் காட்டினார். "இங்க அமுக்கினா நிக்கும். ஆனா ஒவ்வொரு தடவ காடி எடுக்கும்போதும் திரும்ப வந்துரும்."

"அப்ப ஒவ்வொரு தடவையும் அமுக்குறோம்."

டீச்சருக்கு என் வேகம் விளங்கவில்லை. "அக்கா, ஓட்டுறது அண்ணன். அவரே சும்மா இருக்காரு. ஒங்களுக்கு என்னா வந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திருட்டு முழி முழித்தேன். "அவர் என்னைப் பாத்துப் பேசலேன்னா எனக்குப் பிடிக்கல," என்றேன்.

அவ்வளவுதான். சிரிப்பு அடங்கச் சிறிது நேரமானது. "அண்ணே, குடுத்து வச்சவரு லா நீங்க," என்று சுங்கை வே அண்ணன் என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார். தன் வீட்டுக்காரி போனைத்தான் பார்த்துப் பேசுகிறாள் என்றார் இன்னொருவர். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பாதி கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

திரும்பும்போது காரில் ஏறிக் கதவைச் சாத்தியவர், காரைக் கிளப்பவில்லை. முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"உனக்குக் காது கேக்கலன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பழைய காடியிலயே தெரியும். நான் என்னா சொன்னாலும் நீ என் வாயையே பாத்த."

"அப்ப நீங்க திரும்பித் திரும்பிப் பேசுறது?"

"பின்ன? எந்த மடையனாவது ஃபெடரல் ஹைவேயில சும்மா திரும்பித் திரும்பிப் பேசுவானா?"

யோசித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் அவர் திரும்பியதே இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, ரோட்டைப் பார்த்தே பேசுகிற ஆள். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் ரெண்டு வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நீ சொல்லலியே. நான் கேட்டா ரோஷத்துல நாளையிலேருந்து டிரெயின்ல போறேன்னு சொல்லிருவ. அப்புறம் நான் யாருகிட்ட பேசிக்கிட்டு போறது?" திரையைக் கையால் காட்டினார். "ஆனா அந்தக் கண்ணு சொல்றதும் நியாயந்தான். அது வர்றதுக்கு முந்தின செவ்வாக்கெழம உன் பக்கம் திரும்பினப்ப முன்னால ஒரு லோரி பிரேக் அடிச்சான். நீ பாக்கல. எனக்கு உயிரே போயிருச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சார்ஜருக்காகக் காத்திருந்த ஆள் பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான்.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸில், என் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி, காதுக் கருவி விற்கும் கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் என் காதுக்குள் சுண்டைக்காய் அளவில் ஒன்றை வைத்தார். வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்றிருந்தது. பிறகு அவர் என் வீட்டுக்காரரிடம், "அங்கிள், ஆன்டிக்குப் பின்னால போய் நில்லுங்க. அவங்க உங்க முகத்தப் பாக்கக்கூடாது. சாதாரணமா பேசுங்க," என்றார்.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் சத்தமே இல்லை. இந்தக் கருவி வேலை செய்யவில்லையோ என்று காதைத் தொட்டுப் பார்த்தேன்.

"பேசுங்க அங்கிள்," என்றார் அந்தப் பெண். "எதாவது."

"என்னா பேசுறதுன்னு தெரியலம்மா," என்ற குரல் இடி மாதிரி வந்து விழுந்தது. நான் நாற்காலியில் துள்ளிவிட்டேன்.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க?"

"நான் எங்க கத்துறேன்? எப்பவும் பேசுற மாதிரிதான் பேசுறேன்," என்றார் அவர், அதே குரலில்.

இரண்டு வருடமாக அவர் என்னிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.